ரியாக்ட் முன்னால், ஜாங்கோ பின்னால்: எங்கே இணைப்பது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். பாலிடெக்னிக்கில் கடைசி ஆண்டு படிக்கிறீர்கள். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் உங்கள் அத்தை நடத்தும் பலகாரக் கடைக்கு ஆர்டர் எடுக்கும் தளம் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறீர்கள். திரையை ரியாக்ட்டில் (பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) முடித்தாகிவிட்டது. ஆர்டர்களைச் சேமிக்கும் பகுதி ஜாங்கோவில் (சர்வரில் ஓடும் பைத்தான் கட்டமைப்பு) ஓடுகிறது. தனித்தனியாக இரண்டும் நன்றாக இருக்கின்றன. சேர்த்தால் கோர்ஸ் எரர் (வேறு முகவரியிலிருந்து வரும் பதிலைப் படிக்க பிரவுசர் மறுப்பது), லாகின் நிற்பதில்லை, கடைசியில் 403 (சர்வர் அனுமதி மறுப்பது). "ரியாக்ட்டை ஜாங்கோவுக்குள் வைப்பதா, தனி சர்வரில் வைப்பதா, எது சரி?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரத்தில் இன்னொன்றும் இருக்கிறது: தேடல் பெட்டியில் 'கோதுமை அல்வா' என்று தமிழில் தட்டினால் சிலருக்குக் கிடைக்கிறது, சிலருக்கு இல்லை. அதைக் கடைசியில் பார்ப்போம்.

எந்த ஃபோல்டரில் எதை வைப்பது என்பது சின்ன விஷயம். உங்களுக்கு உண்மையில் வேண்டியது, எந்த விஷயத்தில் யார் சொல்வது முடிவு, பிரவுசரா சர்வரா, என்ற பிரிவினை. இதை எந்த வகுப்பிலும் தனியாகச் சொல்லித் தருவதில்லை. ரியாக்ட் வகுப்பில் கையால் எழுதிய பொய்த் தகவலை வைத்து ஓட்டுவார்கள், ஜாங்கோ வகுப்பில் டெம்ப்ளேட்டோடு (சர்வர் தகவலை நிரப்பித் தரும் பக்க அச்சு) நிறுத்திவிடுவார்கள். இந்தக் கருவிகள் வந்த வழியும் அப்படித்தான். பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டும் சர்வரில் ஓடும் பிஎச்பியும் வெளிவந்தது ஒரே ஆண்டில், 1995-இல். அன்றைக்கு முழுப் பக்கத்தையும் சர்வர்தான் சமைத்து அனுப்பும். ஜாவாஸ்கிரிப்ட் ஃபார்மில் காலியான கட்டத்தைச் சுட்டிக்காட்டும், அவ்வளவுதான். 2005-இல் அஜாக்ஸ் என்ற பெயர் புழக்கத்துக்கு வந்தபோது பக்கத்தை முழுதாக மாற்றாமல் ஒரு துண்டை மட்டும் வரவழைக்கும் பழக்கம் பரவியது. அதே ஆண்டுதான் ஜாங்கோவும் பொதுவுக்கு வந்தது. ரியாக்ட் வந்தது 2013-இல். ஆக, உங்கள் கையில் இருப்பவை வெவ்வேறு காலத்தில் பிறந்த இரண்டு கருவிகள். இரண்டுமே பக்கம் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருக்கின்றன.

நான் இந்தத் தொழிலில் 17 ஆண்டுகளாக இருக்கிறேன். செய்ததெல்லாம் சின்னக் கடைகள், துணைப்பாட நிலையங்கள், சில நிறுவனங்களின் உள்வேலை மென்பொருள்கள். ஒரே நேரத்தில் லட்சம் பேர் வந்து விழும் தளம் எதையும் நான் நடத்தியதில்லை. என் கருத்துகளை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பிரிவினை. விலை, வரி, இருப்பு, தேதி, யார் உள்ளே வந்திருக்கிறார் என்பதெல்லாம் சர்வரின் சொத்து. எந்த டேப் திறந்திருக்கிறது, எந்தப் பட்டன் மங்கலாக இருக்க வேண்டும், இன்னும் அனுப்பாத ஃபார்மில் என்ன தட்டியிருக்கிறார் என்பதெல்லாம் பிரவுசரின் சொத்து. நடுவில் சில விஷயங்கள் விழும், அவற்றில்தான் அடி வாங்குவோம். நான் வாங்கிய அடியைச் சொல்கிறேன். ஒரு கேட்டரிங் கடைக்குத் தளம் செய்து கொடுத்திருந்தேன். ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்டக் கூட்ட மொத்தத் தொகை திரையில் உடனே மாற வேண்டும் என்றார்கள். சரி என்று கணக்கை ஜாவாஸ்கிரிப்டிலேயே எழுதினேன், ஜிஎஸ்டி 8 விழுக்காடு உட்பட. சர்வரிலும் அதே கணக்கு இருந்தது. 2024 ஜனவரி 1-ஆம் தேதி ஜிஎஸ்டி 9 ஆனது. சர்வரில் மாற்றிவிட்டேன், பிரவுசர் பக்கம் இருந்த 8 என் நினைவிலேயே இல்லை. 40 பேருக்கு ஆளுக்கு 12 வெள்ளி என்றால் 480 வெள்ளி. திரையில் 518 வெள்ளி 40 காசு, வந்த ரசீதில் 523 வெள்ளி 20 காசு. வித்தியாசம் 4 வெள்ளி 80 காசுதான், ஆனால் புத்தாண்டு அன்று காலை முழுவதும் நான் போனில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு தொகையை பிரவுசரில் கணக்கிடுவதே இல்லை. எண்ணிக்கை மாறினால் சர்வரிடம் கேட்கிறேன், அது சொல்வதைத் திரையில் போடுகிறேன். தட்டுவது நின்று கால் நொடி கழித்துக் கேட்டால் போதும், யாருக்கும் தாமதம் தெரிவதில்லை. (உங்கள் அத்தை கடையின் ஆண்டு வியாபாரம் 10 லட்சம் வெள்ளிக்குள் இருந்து, ஜிஎஸ்டிக்குப் பதிவும் செய்யவில்லை என்றால், வரியே போடக்கூடாது. கேட்டுக்கொள்ளுங்கள்.)

இன்னொரு காரணமும் உண்டு. பிரவுசரிலிருந்து வரும் மொத்தத் தொகையை சர்வர் அப்படியே நம்பினால், பிரவுசரோடு வரும் டெவலப்பர் டூல்ஸைத் திறக்கத் தெரிந்த எவரும் 48 வெள்ளியை 4.80 ஆக்கி அனுப்பலாம். பிரவுசர் அனுப்ப வேண்டியது எந்தப் பலகாரம், எத்தனை என்பது மட்டும். இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமே இல்லை.

தேதியும் இப்படித்தான் கடிக்கும். 2024-இல் தீபாவளி அக்டோபர் 31. காலண்டரில் ஒருவர் 31-ஐத் தொடுகிறார். ஜாவாஸ்கிரிப்ட் அதைச் சிங்கப்பூர் நேரப்படி 31 நள்ளிரவு என்று வைத்துக்கொள்கிறது. ஜேசனாக (பிரவுசரும் சர்வரும் தகவலைப் பரிமாறும் எழுத்து வடிவம்) மாற்றும்போது அது உலகப் பொது நேரத்துக்குப் போய்விடும். நாம் 8 மணி நேரம் முன்னால் இருப்பதால் சர்வருக்குப் போவது அக்டோபர் 30, மாலை 4 மணி. சர்வரில் அதன் முதல் பத்து எழுத்தை மட்டும் வெட்டிச் சேமித்தால், முறுக்கு ஒரு நாள் முன்னதாகவே வீட்டு வாசலில் நிற்கும். நாளை மட்டும் குறிக்கும் தகவலை நேரம் ஒட்டாத வெறும் எழுத்துச் சரமாக அனுப்புங்கள். அஞ்சல் குறியீடும் எழுத்துச் சரம்தான். ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் 0-இல் தொடங்கும். எண்ணாகச் சேமித்தால் முன்னால் இருக்கும் சுழி காணாமல் போய் ஐந்து இலக்கம்தான் மிஞ்சும். லிட்டில் இந்தியா வாடிக்கையாளர்களை மட்டும் வைத்துச் சோதித்தால் இது கண்ணில் படவே படாது.

இனி உங்களைப் படுத்தும் கோர்ஸ். (படிக்கிற கோர்ஸ் இல்லை, அதைவிடக் கொடியது.) பிரவுசருக்கு ஒரு பழைய விதி: நெறிமுறை (எச்டிடிபி போன்றது), ஹோஸ்ட் பெயர், போர்ட் எண் மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் ஒரே ஒரிஜின், அதாவது ஒரே பிறப்பிடம். உங்கள் ரியாக்ட் 5173-ஆம் போர்ட்டில், ஜாங்கோ 8000-இல். ஆகவே இரண்டும் அந்நியர்கள். ஒன்றின் பக்கம் இன்னொன்றின் பதிலைப் படிக்க, அந்த இன்னொன்று ஹெட்டரில் (பதிலோடு வரும் தலைப்புக் குறிப்பு) அனுமதி எழுதித் தர வேண்டும். இங்கே பலர் தப்பாகப் புரிந்துகொள்வது, கோரிக்கையே போகவில்லை என்று. சாதாரண ஃபார்ம் வடிவத்தில் அனுப்பினால் கோரிக்கை சர்வர் வரை போய்ச் சேரும், ஜாங்கோ அதைச் செயல்படுத்தவும் கூடும். பதிலை உங்கள் ஸ்கிரிப்ட் படிப்பதைத்தான் பிரவுசர் தடுக்கிறது. 403 தொல்லை தாங்காமல் சிஎஸ்ஆர்எஃப் சோதனையை (வேறு தளம் வாடிக்கையாளர் பெயரில் கோரிக்கை அனுப்புவதைத் தடுப்பது) விலக்கி வைத்திருந்தால், திரையில் எரர் வந்துகொண்டே இருக்கும், ஜாங்கோவின் நிர்வாகப் பக்கமான அட்மினைத் திறந்து பார்த்தால் ஒரே அதிரச ஆர்டர் மூன்று முறை உட்கார்ந்திருக்கும். ஜேசனாக அனுப்பினால் கதை வேறு. பிரவுசர் முதலில் ஒரு முன்விசாரணைக் கோரிக்கையை அனுப்பும், அனுமதி கிடைத்தால்தான் உண்மையான கோரிக்கை கிளம்பும்.

இதற்கு இணையத்தில் கிடைக்கும் முதல் வைத்தியம் "எல்லா ஒரிஜினையும் அனுமதி" என்று ஒரு நட்சத்திரம் போடுவது. அது எரரை மறைக்கும், லாகினைச் சரி செய்யாது. குக்கியோடு (லாகினை நினைவில் வைக்க பிரவுசர் வைத்திருக்கும் சின்னக் குறிப்பு) போகும் கோரிக்கைக்கு அந்த நட்சத்திரம் செல்லாது, ஒரிஜினைப் பெயர் சொல்லித்தான் அனுமதிக்க வேண்டும். தவிர, வேறு ஒரிஜினுக்குப் போகும் ஃபெட்ச் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கோரிக்கை, தானாகக் குக்கியை எடுத்துப்போகாது, வந்த குக்கியை வைத்துக்கொள்ளவும் செய்யாது. நீங்கள் எழுதியிருந்த "லாகின் வெற்றி என்று வருகிறது, அடுத்த கோரிக்கையிலேயே யார் நீ என்று கேட்கிறது" என்ற நோய் இதுதான்.

என் யோசனை: அனுமதி வாங்கும் வேலையையே விட்டுவிடுங்கள், இரண்டையும் ஒரே ஒரிஜின் ஆக்கிவிடுங்கள். ரியாக்ட்டைக் கட்டித் தரும் வீட் என்ற பில்டு கருவியின் கான்ஃபிக்கில், ஏபிஐ (ரியாக்ட் தகவல் கேட்கும் சர்வர் வாசல்) என்று தொடங்கும் முகவரிகளை எல்லாம் 8000-க்குத் தள்ளிவிடு என்று ஒரு பிராக்சி வரி எழுதலாம். பிரவுசருக்குத் தெரிவது 5173 மட்டும். நாளை தளம் உண்மையில் ஓடும்போது அதே வேலையை என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் செய்யும். இதற்குப் பிறகு லாகினுக்கு உங்களுக்கு டோக்கனும் வேண்டாம், அதை பிரவுசரில் சேமிக்க லோக்கல்ஸ்டோரேஜும் வேண்டாம். ஜாங்கோவின் சாதாரண செஷன் குக்கி போதும். அது ஜாவாஸ்கிரிப்டால் படிக்க முடியாத வகைக் குக்கி. பக்கத்தில் யாராவது கெட்ட ஸ்கிரிப்டை நுழைத்துவிட்டால்கூட அதைத் திருடிக்கொண்டு போக முடியாது. அந்தப் பக்கம் திறந்திருக்கும்வரை வாடிக்கையாளர் பெயரில் கோரிக்கை அனுப்ப முடியும் என்பதும் உண்மைதான், அதனால் இதை முழுக் கவசம் என்று நினைத்துவிடாதீர்கள்.

403-க்கு வருவோம். ஜாங்கோ ஒரு சிஎஸ்ஆர்எஃப் மதிப்பைக் குக்கியில் வைக்கும். எதையாவது மாற்றும் ஒவ்வொரு கோரிக்கையிலும் அதை ஹெட்டரில் திருப்பித் தரச் சொல்லும். உங்கள் ரியாக்ட் பக்கத்தை ஜாங்கோ தருவதில்லை, எனவே அந்தக் குக்கி தொடக்கத்தில் வைக்கப்படுவதே இல்லை. குக்கியைக் கட்டாயம் வைக்கச் சொல்லும் டெக்கரேட்டர் (ஃபங்ஷன் மேல் ஒட்டும் ஒரு வரி) ஒன்று ஜாங்கோவில் இருக்கிறது. அதைப் போட்ட ஒரு சின்ன வியூவை (கோரிக்கைக்குப் பதில் தரும் ஃபங்ஷன்) ரியாக்ட் தொடங்கும்போது ஒருமுறை அழைத்துவிடுங்கள். இன்னும் இரண்டு பொறிகள் உண்டு. லாகின் ஆனதும் ஜாங்கோ அந்த மதிப்பை மாற்றிவிடும், அதனால் ஒருமுறை படித்து மாறிலியில் பூட்டி வைக்காமல் ஒவ்வொரு தடவையும் குக்கியிலிருந்து படிக்க வேண்டும். ஜாங்கோ 4.0 முதல் ஒரிஜின் ஹெட்டரையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. பிராக்சி வழியாக வரும்போது அது 5173 என்று சொல்லும், எனவே நம்பகமான ஒரிஜின் பட்டியலில் அந்த முகவரியை எச்டிடிபி என்ற முன்பகுதியோடு சேர்த்து எழுதுங்கள். பிராக்சி இல்லாமல்தான் செய்வேன் என்றால் மூன்றாவதாக ஒன்று: ஒரு பக்கம் லோக்கல்ஹோஸ்ட் என்றும் மறுபக்கம் 127.0.0.1 என்றும் எழுதாதீர்கள். நமக்கு இரண்டும் ஒரே கணினி, குக்கிக்கு இரண்டும் வேறு வேறு தளம். இதில் ஒருமுறை அரை நாள் போயிருக்கிறது எனக்கு.

சரி, உள்ளேயா வெளியேயா? இதுவரை சொன்னவை பிரவுசரின் விதிகள், யார் சொன்னாலும் மாறாது. இனிச் சொல்வது என் தேர்வு, மறுப்பவர்கள் நிறைய உண்டு. உங்கள் அத்தை கடைக்கு முழுத் தளத்தையும் ரியாக்ட்டில் நான் செய்ய மாட்டேன். பலகாரப் பட்டியல், கடை நேரம், லாகின், பழைய ஆர்டர்கள் இவை ஜாங்கோ டெம்ப்ளேட்டில் இருக்கட்டும். அத்தை ஆர்டர்களைப் பார்க்க அட்மின் பக்கம் ஏற்கெனவே இருக்கிறது. எண்ணிக்கை கூட்டி, தேதி தேர்ந்து, தொகை பார்க்கும் அந்த ஒரே பக்கத்துக்கு மட்டும் ரியாக்ட். டெம்ப்ளேட்டில் வெறும் டிவ் (காலியான எச்டிஎம்எல் பெட்டி) ஒன்றை வைத்துவிட்டு அதற்குள் ரியாக்ட்டை ஏற்றினால் முடிந்தது. நீங்கள் எழுதிய ஆர்டர் திரை அப்படியே பயன்படும், மற்ற திரைகள்தான் வீண். அது வருத்தம்தான், தெரியும். ஆனால் பட்டியல் பக்கம் பழைய போனிலும் சட்டென்று திறக்கும், லாகின் தொல்லை முக்கால்வாசி தீர்ந்துவிடும். பில்டு ஆன ஃபைல்களை டெம்ப்ளேட்டில் இணைக்க ஜாங்கோ-வீட் என்ற சின்னப் பேக்கேஜ் உதவும். தொடக்கத் தகவலைப் பக்கத்தோடு அனுப்ப ஜாங்கோவின் ஜேசன்-ஸ்கிரிப்ட் ஃபில்டர் இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள். ஸ்கிரிப்ட் டேகுக்குள் மாறியை நேரடியாகக் கொட்டி 'சேஃப்' (குறிகளை மாற்றாமல் அப்படியே விடு என்பது) போடுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். யாராவது ஆர்டர் குறிப்பில் ஒரு ஸ்கிரிப்ட் முடிவு டேகைத் தட்டினால் அங்கேயே பக்கம் உடையும், கெட்ட எண்ணம் இருந்தால் அதற்கு மேலும் செய்வார்.

ரியாக்ட்டே இல்லாமல், சர்வர் எச்டிஎம்எல் துண்டாகவே பதில் தரும் வழியும் இருக்கிறது. 2020-இல் வந்த எச்டிஎம்எக்ஸ் அந்த வகை. டெம்ப்ளேட்டில் பழகியவர்களுக்கு அது இனிக்கும். முழுத் திரையும் ரியாக்ட்டாக இருக்க வேண்டிய இடங்களும் உண்டு: சமையலறையில் நாள் முழுக்கத் திறந்தே இருக்கும் ஆர்டர் பலகை, இருக்கை வரைபடம், இதே ஏபிஐயை நாளை மொபைல் ஆப்பும் கேட்கப்போகிறது என்ற நிலை. ரியாக்ட்டை சர்வரிலும் ஓட்டும் நெக்ஸ்ட் கட்டமைப்பைப் போடலாம் என்று ஒருவர் உங்களிடம் சொல்லியிருந்தார். அதைப் போட்டால் ஜாங்கோவோடு சேர்த்து நோட் சர்வர் (ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுவது) ஒன்றையும் நீங்கள் காவல் காக்க வேண்டும். ஒரு பலகாரக் கடைக்கு இரண்டு சர்வர் அதிகம் என்பது என் எண்ணம்.

எந்த வழியில் போனாலும் ஏபிஐ பதிலில் என்ன போகிறது என்பதை டெவலப்பர் டூல்ஸின் நெட்வொர்க் டேபில் ஒருமுறை கண்ணால் பாருங்கள். தகவலை ஜேசனாக்கும் சீரியலைசரில் எல்லா ஃபீல்டும் என்று எழுதிவிட்டு, திரையில் பெயரை மட்டும் காட்டுவார்கள். வாடிக்கையாளரின் போன் எண்ணும் வீட்டு முகவரியும் ஜேசனில் எல்லோருக்கும் தெரிய உட்கார்ந்திருக்கும். அது தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வரை போகும் விவகாரம், உங்கள் அத்தைதான் பதில் சொல்ல வேண்டிவரும்.

முழு ரியாக்ட்டோடு போகிறீர்கள் என்றால், தளத்தை ஏற்றும்போது இரண்டு விஷயங்கள். உள்பக்கம் ஒன்றை ரெஃப்ரெஷ் செய்தால் 404 (பக்கம் இல்லை) வரும், அந்த முகவரி ரியாக்ட்டுக்கு மட்டும்தானே தெரியும். அதற்காக என்ஜின்எக்ஸில், எது கிடைக்காவிட்டாலும் முதல் பக்கத்தைக் கொடு என்று எழுதுவோம். அந்த விதியை ஏபிஐ முகவரிகளுக்கும் சேர்த்து எழுதிவிட்டால், ஜேசன் கேட்ட இடத்தில் எச்டிஎம்எல் வரும். கன்சோலில் "எதிர்பாராத டோக்கன் <" என்று ஒரு எரர் நிற்கும். செஷன் காலாவதியான ஒருவரை ஜாங்கோ லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிட்டாலும் அதே எரர்தான். அந்தச் சாய்ந்த குறியைப் பார்த்தால் ஜேசனை நோண்டாதீர்கள், வந்த பதிலைத் திறந்து பாருங்கள். இரண்டாவது, ஒவ்வொரு பில்டிலும் மாறிய ஸ்கிரிப்ட் ஃபைலுக்குப் புதுப் பெயர் வரும். முதல் பக்கம் போனின் கேஷில் (பிரவுசர் எடுத்து வைத்திருக்கும் நகல்) பழையதாகவே இருந்தால் அது இல்லாத ஃபைலைக் கேட்டு வெள்ளைத் திரையில் நிற்கும். முதல் பக்கத்தை ஒவ்வொரு முறையும் சர்வரிடம் சரிபார்க்கச் சொல்லுங்கள், மற்ற ஃபைல்களை ஓராண்டுகூடக் கேஷில் விடலாம். தீபாவளிக்கு முந்திய வாரம் புது பில்டு எதையும் ஏற்றாதீர்கள்.

அப்புறம் அந்த 'கோதுமை அல்வா'. 'கோ' என்று கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்று, அல்லது ககரத்தோடு ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாக. கீபோர்டைப் பொறுத்தும், எங்கிருந்து வெட்டி ஒட்டினார்கள் என்பதைப் பொறுத்தும் இரண்டும் வரும். திரையில் ஒரே மாதிரி இருக்கும், டேட்டாபேஸுக்கு இரண்டும் வேறு சொல். பைத்தானின் யூனிகோட்டேட்டா மாட்யூலில் நார்மலைஸ் இருக்கிறது. என்எஃப்சி (ஓகாரம் ஒரே குறியாகச் சேர்ந்த) வடிவத்துக்கு மாற்றிவிட்டுச் சேமியுங்கள், தேடவரும் சொல்லையும் அதே போல மாற்றிவிட்டுத் தேடுங்கள். ஜாவாஸ்கிரிப்டிலும் அதே வசதி உண்டு, ஆனால் இதை சர்வரில் செய்யுங்கள்; அத்தை அட்மினில் நேரடியாகச் சேர்க்கும் பலகாரங்கள் உங்கள் ரியாக்ட் வழியாக வருவதில்லை. ஏற்கெனவே சேமித்திருக்கும் பெயர்களை எல்லாம் ஒருமுறை படித்து மாற்றி எழுத ஒரு மைக்ரேஷன் (டேட்டாபேஸை மாற்றும் ஸ்கிரிப்ட்) போட்டுவிடுங்கள். கொழுக்கட்டையும் போளியும் சேர்ந்தே கிடைக்க ஆரம்பித்துவிடும்.